தடைக்காலத்து ஐஸ்

கூலிங் ரூம் கதவின் அடியில் செருகியிருந்த கோணிச்சாக்கு ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, சந்துக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து மெல்ல உறிஞ்சுவதுபோல், இன்னும் ஒரு விரற்கடை போயிற்று.

சஃபியுல்லா கையில் டீ கிளாஸோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எலி என்று நினைத்தார். ஆனால் எலிக்கு இங்கே என்ன வேலை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரைக்கால்மேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. ஏலக் கொட்டகையில் நாய்கூட இல்லை. நாய்கள் பிரியாணிக் கடைகளை நம்பி டவுனுக்குக் குடிபோய்விட்டதாக ஊரில் பேச்சு. இரண்டு நாய்கள் பஸ் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவே ஆப்பரேட்டர் பாலகுரு சொல்லுவான், அதில் ஒன்றுக்கு உட்கார இடம் கிடைத்தது என்றும் சொல்லுவான்.

மெஷின் ஓடும் நாட்களில் இந்த ஐஸ் கம்பெனிக்குள் பேச முடியாது. கம்ப்ரஸரின் தடதடப்பும் ஐஸ் உடைக்கும் க்ரஷரின் கடகடப்பும் ஏற்றுக்கூலிகளின் வசவும் சேர்ந்து சஃபியுல்லாவின் இடது காதை எப்போதோ வாங்கிக்கொண்டன. இப்போது எல்லாம் நின்றுபோய், கத்திரி வெயிலில் தகரக் கூரை எப்போதாவது டக்கென்று நெளிகிற சத்தமும், அம்மோனியாவின் பழைய நெடி மூக்கின் ஆழத்தில் ஊசிபோல் நிற்பதும், உப்புத்தண்ணித் தொட்டியின் மேல் போட்ட பலகைகள் காய்ந்து பிளந்து, அந்தப் பிளவு வழியாக வெளிச்சம் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிவதும்தான் மிச்சம். மேனேஜர் என்ற பெயரில் அவர் ஒருவர் இருந்தார். தலத்தெரு வீட்டுக்குப் போனாலும் ஒருவர்தான். இங்கே நாற்காலிக்குக் கை உண்டு என்பதால் பகலெல்லாம் இங்கேயே இருந்துவிடுவார்.

எழுந்துபோய்ச் சாக்கை வெளியே இழுத்துவிட்டார். அது மறுபடியும் உள்ளே போயிற்று.

அந்த அறை காலி. தடைக்காலம் தொடங்கும் அன்று கடைசி ஐஸ் பாரை உடைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மெஷினை நிறுத்திக் கதவைப் பூட்டிச் சாக்கைச் செருகியது அவர்தான். மீன் இல்லையென்றால் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லையென்றால் குளிர் எதற்கு. வருஷா வருஷம் நடப்பது. அதற்குத் தலை வேண்டியதில்லை, கையே செய்துவிடும். உள்ளே எட்டிப் பார்க்கவேண்டிய அவசியம்கூட...

உள்ளே.

"நௌஷின் பெட்டி," என்றார் சஃபியுல்லா, யாரும் இல்லாத கட்டடத்திடம்.

நௌஷின் அவருக்கு ஒரே மகள். உலகத்தின் உச்சியில், மரம் முளைக்காத ஒரு தேசத்தில், உறைந்த மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய உம்மா ஹஃபீஸா மவுத்தானபோது சஃபியுல்லா ஷார்ஜாவில் ஒரு மீன் கிடங்கில் வேலையில் இருந்தார். லீவு வாங்கி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதிலிருந்து மகள் அவரிடம் மரியாதையாகப் பேசுவாள். மரியாதையைத் தவிர அந்தப் பேச்சில் வேறு ஒன்றும் இருக்காது.

போன மழைக்காலத்தில் ஊருக்கு வந்தபோது ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தாள். அதில் முழங்கை நீளத்தில் நான்கு பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் இறுகிக் கல்லாகிப்போன கறுப்பு மண். அரசலாற்று முகத்துவாரத்துச் சேற்றோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், ஆனால் கல்லூரி ஃப்ரீசரில் இடம் இல்லை என்றாள்.

"ஐஸ் கம்பெனி மேனேஜர் மவ ஃப்ரீசருக்கு அலையுறதா?" என்றார் சஃபியுல்லா. "நம்ம கூலிங் ரூம்ல வைம்மா. யானையவே வைக்கலாம்."

"யானையும் உள்ள இருக்கலாம் வாப்பா. புல்லு, பாசி, வேரு, செத்த மானு, என்னென்ன இருக்கோ. மக்காமலே கெடக்கு."

"இத்தனை காலமாவா?"

"உறைஞ்சு கெடந்தா எப்படி மக்கும்? கோடை வந்தா அங்க புல்லும் பாசியும் காத்துல உள்ள கரியை உள்ள இழுக்கும். மண்ணு கொஞ்சம் வெளிய விடும். இழுக்கறது கூட, விடறது கம்மி. மிச்சமெல்லாம் கீழ போயி ஐஸ்ல பூட்டிக்கும். இப்ப பூட்டு எளகுது. செத்ததையெல்லாம் கிருமி திங்குது. தின்னா மூச்சு விடும்ல? அந்த மூச்சைத்தான் நாங்க அளக்குறோம்."

"மண்ணு மூச்சு விடுதுங்கிறே."

"இழுத்தா பரவால்ல வாப்பா. விட்டாத்தான் ஆபத்து."

உருகினால் மூன்று வருஷ வேலை போய்விடும் என்றாள். கார் ஏறும்போது கூலிங் ரூம் சாவியை அவர் கையில் திருப்பி வைத்து, "உங்கள நம்பித்தான்" என்றாள். ஹஃபீஸா போன பிறகு, மரியாதையைத் தாண்டி அந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அந்த நாள் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்காக அவள் வருவது இந்த வெள்ளிக்கிழமை.

அவர் பூட்டைத் திறந்தார். கதவு வரவில்லை. காலைக் கதவுநிலையில் ஊன்றி இழுத்தபோது, ஊறுகாய் பாட்டில் மூடி விடுவதுபோல் ஒரு சத்தத்தோடு விட்டது. தெருக்காற்று அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடிற்று.

அறை சூடாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். சூடும் இல்லை, குளிரும் இல்லை. உடம்புச் சூடு. தூங்கி எழுந்தவர் விட்டுப்போன பாயில் கை வைத்தாற்போல. மீன் வாடை இல்லை. மழை பெய்து ஓய்ந்த வயலின் வாடை, அதற்கு அடியில் பால் காய்ந்த பானையின் வாடை, அதற்கும் அடியில் கம்பளிபோல் ஏதோ ஒன்று, நனைந்த மயிர்போல. பெட்டியின் மூடி ஒரு ஓரத்தில் கிடந்தது. நான்கு குழாய்களிலும் அடைப்பு தெறித்து, மண் புளித்த மாவாக விளிம்புக்கு மேல் பொங்கி நின்றது. கறுப்புப் பொங்கலின் நடுவே ஒரு சிறு பள்ளம். நான்கிலும் அதே இடத்தில்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. சாப்டீங்களா?"

"வ அலைக்குமுஸ்ஸலாம். ஆச்சும்மா."

"வெள்ளிக்கிழமை காலைல திருச்சில எறங்கிடுவேன். இங்க கணக்கெல்லாம் முடிஞ்சுது. இந்த வருஷம் விட்டதுதான் கூட. கோடையில நல்லா பச்சை வந்துச்சு, நல்லாவும் இழுத்துச்சு. ஆனா குளிர்காலம் பூரா விட்டுகிட்டே கெடந்துருக்கு. தண்ணி நிக்கற பள்ளத்துல மீத்தேன் வேற."

"அது வேணாம்னுதானே நம்ம டெல்டாவுல பந்தல் போட்டு உக்காந்தாங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் சொன்னார். "அங்க பந்தல்ல உக்கார ஆளே இல்ல வாப்பா. கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஆளு கெடையாது. சரி, பெட்டி எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லியேம்மா."

"இல்ல, யாரோ மூச்சு இழுக்கறாங்க. இழுத்துகிட்டே இருக்காங்க. விடவே காணோம்."

போனை வைத்ததும் சஃபியுல்லா வலது காதைக் குழாய்ப் பக்கம் திருப்பினார். அவருக்கும் கேட்டது.

பாலகுரு ஏலக் கொட்டகை நிழலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். மெஷினை ஓட்டவேண்டும் என்றதும் வாயிலிருந்த நூலை எடுத்தான்.

"தடைகாலத்துல யாருக்கு பாய் ஐஸு? ஆமைக்கா?"

"மவளுக்குப்பா."

"ஒரு புள்ளைக்கு ஒரு தொட்டி ஐஸா? சர்பத்தைக் கடல்ல கலக்கப் போறீங்களா?"

சஃபியுல்லா விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது குரல் ஓரிடத்தில் உடைந்ததால் பாலகுரு மேற்கொண்டு கிண்டல் செய்யாமல் எழுந்துவந்தான். கூலிங் ரூமில் குனிந்து பார்த்துவிட்டு, மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டான்.

"மாட்டுக்கொட்டா வாடை பாய். உசுரோட நிக்கிற மாடு."

"மண்ணுப்பா."

"நீங்க சொன்னா சரி. மண்ணு எதுக்கு என்னையப் பாக்குது?"

கூலிங் ரூம் பழையபடி குளிர நாளாகும். உப்புத்தண்ணித் தொட்டிதான் சீக்கிரம். யாராவது அவசரமாக இறால் கொண்டுவந்தால் அந்தத் தொழிலில் என்ன செய்வார்களோ அதைத்தான் சஃபியுல்லாவும் செய்தார். ஐஸ் வார்க்கும் தகரக் கேன் காலியாக இருந்தால் தொட்டியில் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அதனால் கேனில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் சரக்கை இறக்கி, ஐஸோடு ஐஸாக உறையவைத்துவிடுவார்கள். நான்கு கேன், நான்கு குழாய். உறைந்ததும் ஐஸை உடைத்து எடுத்துப் பெட்டியில் பழையபடி அடுக்கிவிட்டால் நௌஷினுக்கு ஒன்றும் தெரியாது. இறாலுக்கு இது நல்ல வழி. இறால் ஒருநாளும் குழாயைவிட்டுத் தண்ணீரில் இறங்கிக்கொண்டதில்லை.

கம்ப்ரஸர் இருமி, உதறி, ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் சஃபியுல்லாவுக்கு ஆறுதலாக இருந்தது. பாலகுரு பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டான். "நான் வாசல்ல இருக்கேன், கூப்டுங்க" என்று சொன்னவன் போய் உட்கார்ந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

புதன்கிழமை பூராவும் மெஷின் ஓடியது. சஃபியுல்லா தொட்டி ஓரத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பலகைகளின் அடியிலிருந்து குளிர் ஏறிவந்து கணுக்காலைப் பிடித்தது. பொதுவாகத் தொட்டியிலிருந்து புகை மேலே எழுந்து பலகை மேல் பரவிக் கலையும். இன்று அது எழவில்லை. நான்கு கேன்கள் இருந்த மூலையை நோக்கித் தரையோடு தரையாக மெல்ல ஊர்ந்துபோய், அங்கே பலகைச் சந்துகளில் இறங்கியது. அவர் வாயிலிருந்து வந்த ஆவியும் அந்தப் பக்கமே போனது. கையால் விசிறிப் பார்த்தார். கலைந்தது. கூடியது. போனது.

மதியம் கரண்ட் நின்றது.

கம்ப்ரஸர் ஓய்ந்த நிசப்தத்தில் அந்த மூலையின் மூச்சு கேட்டது. நான்கு கேன்களில், நான்கு தொண்டைகளில், நீளமாக, அவசரமில்லாமல். ஒன்று மற்றதற்காகக் காத்திருப்பது இல்லை. இழுப்பு. இழுப்பு. ஒருமுறையாவது விட்டுவிட மாட்டார்களா என்று இருந்தது அவருக்கு. தெரிந்தவர் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நம்மையே பார்த்தால் நமக்கும் நெஞ்சு அடைக்குமே, அப்படி. எழுந்து போய்விடலாம். சாவியைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாம். "உங்கள நம்பித்தான்." அவர் உட்கார்ந்தே இருந்தார். கரண்ட் வந்தது. சத்தத்துக்குள் சத்தம் மறைந்தது.

வியாழக்கிழமை காலையில் கேன்களைச் சங்கிலியில் மாட்டித் தூக்கினார். தண்ணீரில் முக்கிச் சாய்த்ததும் ஐஸ் பார்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. நான்கையும் கூலிங் ரூமுக்குள் தள்ளி, சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். அங்கே சுவரில் ஓடும் பைப்பில் கொஞ்சம் குளிர் வந்திருந்தது, உடைக்கும்வரை தாங்கும். ஐஸ் பாரில் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் பால் உறைந்தாற்போல் ஒரு வெள்ளை ஓடும். ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வரும்போது தண்ணீரில் இருக்கும் காற்றெல்லாம் நடுவுக்கு ஓடி அங்கே மாட்டிக்கொள்ளும், அதுதான் அந்த வெள்ளை. எத்தனையோ ஆயிரம் பார்களில் பார்த்தது. இந்த நான்கிலும் வெள்ளை இல்லை. உச்சியிலிருந்து அடிவரை தெளிவு. குழாய்கள் அதில் தொங்கின. குழாய்களுக்குள் ஒன்றும் இல்லை.

மண் எங்கே?

அவர் கதவோரம் இருந்த பாரிடம் குனிந்தார். மேலே உறைபனி படிந்து மறைத்தது. பார்க்கவேண்டும். முகத்தை அருகே கொண்டுபோய், கண்ணாடி துடைக்க எல்லோரும் செய்வதுபோல், வாயைத் திறந்து ஊதினார்.

ஹா.

உறைபனி கரையவில்லை. அவர் விட்ட மூச்சு நிற்கவில்லை. அவர் நிறுத்திய பிறகும் அது போய்க்கொண்டிருந்தது, கிணற்றில் கயிறு கைநழுவினால் போவதுபோல், நெஞ்சின் அடியிலிருந்து, அதற்கும் அடியிலிருந்து, சுருள் சுருளாக. ஐஸின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. நீண்டது. இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் உப்பின. சுருங்கின. உப்பின.

கட்டி ஐஸுக்குள்.

சஃபியுல்லா தரையில் கிடந்து எழுந்தார். கதவைச் சாத்திப் பூட்டினார், சாவியைக் கையே பழக்கத்தில் ஆணியில் மாட்டியது. நடந்தார். நடக்க முடிந்தது, அதுதான் விசித்திரம். கால் வலிக்கவில்லை. வெயில் சுட்டது. பாலகுருவைத் தாண்டிப்போனார். "என்ன பாய், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தது.

டீக்கடையில் விரலைக் காட்டினார். டீ வந்தது. கொதித்தது. கிளாஸை உதட்டருகே பிடித்து ஊதினார். ஆடை அசையவில்லை. மறுபடி ஊதினார். டீயின் மேல் மிதந்த ஒரு தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. நெஞ்சில் கை வைத்தார். துடிப்பு இருந்தது. அது மட்டும் இருந்தது. கடைக்காரர் "சூடு கொறச்சித் தரவா பாய்?" என்றார்.

பையில் போன் அடித்தது. நௌஷின். அவர் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "வாப்பா? வாப்பா, பேசுங்க. கேக்குதா?" அவர் பேசினார். உதடு பேசியது. நாக்கு பேசியது. "வாப்பா, என்னாச்சு, பேசுங்களேன்," என்றாள் அவள், எங்கோ விமான நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவில். லைன் அறுந்தது. அன்று அது பலமுறை அடித்தது. இரவெல்லாம் அவர் ரோட்டோரம் உட்கார்ந்து கம்பெனிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவிகூட வரவில்லை.

வெள்ளி விடிந்தது. அவளை வழியிலேயே நிறுத்திவிட வேண்டும், ஊருக்குள் நுழையவே விடக்கூடாது என்று கார் வரும் பக்கமாக நடந்தார். திருச்சியிலிருந்து வரும் சாலையில் வெயில் ஏறும்வரை நின்றார். கார்கள் வந்தன. அவள் இல்லை. ஜும்ஆவுக்கு பாங்கு சொன்னபோது திரும்பி வந்தார்.

கம்பெனி வாசலில் ஒரு கார் நின்றது. நாகூர் பக்கமாக வந்திருக்கிறாள்.

"புள்ளை வந்துருச்சு பாய்," என்றான் பாலகுரு. "அழுதுகிட்டே வந்துச்சு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்களா எங்க சொல்லப் போறீங்க. சாவி ஆணியிலதானே தொங்குது, தொறந்து விட்டுட்டேன்."

சஃபியுல்லா ஓடினார். இரைக்கவில்லை.

கூலிங் ரூம் வாசலில் செருப்பு. உள்ளே புகை. நௌஷின் அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். தலைத்துணி நழுவித் தோளில் கிடந்தது. காலடி கேட்டிருக்கவேண்டும், திரும்பாமலே பேசினாள்.

"கோவமெல்லாம் இல்ல வாப்பா. மண்ணு போனா போவுது, இன்னொரு தடவை எடுத்துக்கலாம். நீங்க போனை எடுத்தும் பேசலேன்ன உடனே எனக்கு... உம்மாவுக்கு அப்புறம் எனக்கு வேற யாரு இருக்கா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். குரல் நனைந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் காத்திருந்த குரல். "ஒருத்தருக்கொருத்தர் மறைக்க வேணாம். சரியா?"

அவர் வாயைத் திறந்தார்.

"இந்த ஓரத்து பாருல என்னமோ ஆடுதே," என்றாள். "இது பக்கத்துல ஒண்ணும் தெரியல. பனி மூடியிருக்கு."

அவள் அடுத்த ஐஸ் பாரின் பக்கம் நகர்ந்தாள். முகத்தை அருகில் கொண்டுபோனாள்.

கத்தினார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். புகைகூட அசையவில்லை.

எட்டினார். கால் ஐஸ்தண்ணியில் வழுக்கியது. தரை.

ஹா.

அவள் தோள்கள் இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன.

பிறகு நௌஷின் மெல்லத் திரும்பி, தரையில் கிடந்த அவரைப் பார்த்தாள். அவள் உதடுகள் குவிந்து விரிந்தன. வாப்பா என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை. அவளுக்குப் பின்னால், இரண்டாவது ஐஸ் பாரின் நடுவில், ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.